மாவுக்கட்டு காயும்வரை

இன்று காலை வார்டில் மாவுக்கட்டுக்குப் புது டின் ஒன்றைத் திறந்தார்கள். தண்ணீர் பட்டதும் ஈரச் சுவரைப் போன்ற அந்த வாசனை எழுந்தது. கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டார். "பெரிய டாக்டர் கை பட்டா எலும்பே வெக்கப்பட்டுச் சேந்துக்கிடும்லா" என்றார். "ஞாயித்துக்கிழமை அவுக படத்தைத் தெறக்காவ. நீங்க நாலு வார்த்தை பேசணும் டாக்டரம்மா."

முடியாது என்று தலையாட்டினேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். கூச்சம் எனக்கு உண்டுதான், ஐயா. ஆனால் அங்கே பேசினால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நீங்கள் இல்லாவிட்டாலும் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

அடிபட்டவர்கள் பலராக வந்தால், பலமாகக் கத்துகிறவனிடம் முதலில் போவீர்கள். "அவன அடக்கினா கூட்டம் அடங்கும். கூட்டம் அடங்கினா நமக்குப் பேரு" என்பீர்கள். ஏலக்கடைத் தரகருக்குப் போதுமான அறிவு அது. நீங்கள் அதை வைத்தியம் என்று நம்பினீர்கள்.

உலகச் சண்டைக் காலம். நான் உங்களிடம் உதவி டாக்டராகச் சேர்ந்த புதிது. தூரத்தில் நின்ற கப்பலுக்குத் தோணியில் பஞ்சுப் பொதி ஏற்றும்போது கயிறு அறுந்து இருவர் மேல் பொதிகள் விழுந்தன. ஒருவர் தோணியை நடத்தும் தண்டல். கால் எலும்பு வெளியே தெரிந்தது. "மாதாவே! ஏலே, எங் காலு இருக்கா பாருங்கலே!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினார். மற்றவர் சூசை. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர், குளிப்பு இல்லாத மாதங்களில் சுமை தூக்க வருவார். உடம்பில் கீறல் இல்லை. சத்தமில்லாமல் கிடந்தார்.

வராந்தாவில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவிய கத்தவே இல்லியே டாக்டரம்மா. ஒண்ணும் இருக்காது, என்ன?"

சூசையின் கை ஜில்லென்றிருந்தது. நாடி நூலாய் ஓடியது. வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. உங்களிடம் ஓடிவந்து, உள்ளே ரத்தம் கசிகிறது என்றேன்.

"என்னம்மா உடன்குடிக்காரி, பேச்சு கருப்பட்டி மாதிரி வாயில ஒட்டிக்கிடுதா? சத்தமாச் சொல்லு!"

சத்தமாகச் சொன்னேன். நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிச் சூசையைப் பார்த்தீர்கள். "சங்கு குளிக்கிறவன்லா? மூச்ச அடக்கிப் படுத்திருக்கான். தொழில் பழக்கம்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்தக் கரையைத் தவிர வேறெங்கும் ஒரு டாக்டருக்கு இப்படி ஒரு தப்பு வாய்க்காது. சாகிறவனின் மேல்மூச்சை நீங்கள் திறமை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

தண்டலின் காலில் ரத்தம் நிற்க நர்ஸ் ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தாள். அந்தக் கால் காத்திருந்திருக்கும். நான் சூசையின் கட்டிலைக் கால்மாட்டில் உயர்த்தி, சலைன் ஏற்றிவிட்டு மறுபடி வந்தேன். "ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணட்டுமா, ஐயா?"

"மாவு இறுகுது. இப்ப கைய எடுத்தா கட்டு கோணிப்போகும்."

கட்டு கோணவில்லை. நீங்கள் அதன் மேல் உள்ளங்கையை ஓட்டி ஓட்டி வழவழப்பாக்கிக்கொண்டிருந்தபோது சூசை இறந்துபோனார். "உள்காயம். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றீர்கள். கை கழுவினீர்கள். காபி கேட்டீர்கள். வராந்தாவுக்குப் போய் அவளிடம் சொல்ல என்னை அனுப்பினீர்கள்.

தவறு எல்லோருக்கும் நேரும். அதற்காக உங்களை இகழவில்லை. அந்த மரணத்தை நீங்கள் ஒரு வேடிக்கைக் கதையாக்கினீர்கள். 'கடைசிவரை மூச்சடக்கினவன்' என்று விருந்துகளில் சொல்லி, கேட்டவர்கள் சிரிக்கும்வரை காத்திருந்தீர்கள். அந்த முகம்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் மாலை போடப்போகிறார்கள்.

போன மாதம் உப்பளத்து லாரி கவிழ்ந்தது. தோள் முறிந்த கடைக்காரர் ஒருவர் கதறினார். "நல்லாக் கத்துங்க அண்ணாச்சி. நீங்க கத்துத வரைக்கும் எனக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண்ணிடம் போனேன். வயிற்றில் கை வைத்தேன். பலகை.

உடனே ஆபரேஷன் செய்தேன். அவள் பிழைத்துக்கொண்டாள். "பெரிய டாக்டர்ட்ட படிச்ச கையில்லா!" என்றார் கம்பவுண்டர். இல்லை, ஐயா. அது சூசையிடம் படித்தது.