ஒட்டும்

2001 ஜூன் 11, திங்கள்

விடாத மழை. கரமனை பஸ்ஸில் ஆட்டுக் கன்னத்தோடு பயணம். ஐஸ் பெட்டி ஒழுகிப் பக்கத்து சீட்டு அம்மாளின் சேலை நனைந்தது. மீன் என்று நினைத்து என்ன விலை என்றாள்.

கறிக்கடைக்காரருக்கு இன்னும் கேலிதான். "கவிளு மாத்ரம் மதியோ சேச்சீ? பாக்கி ஆடு ஆருக்கா?" கன்னம் மட்டும் போதும் அப்பனே, ஆடு உனக்கே.

லேப்: உள்தோலை உரித்து, உப்புத் தண்ணீரில் கழுவி, தராசில் மாட்டல். விழுங்காமல் கன்னத்துக்குள் ஒட்டவைக்கிற மாத்திரையை அதில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மறுதட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எவ்வளவு கனத்துக்கு மாத்திரை தோலை விடுகிறது என்று குறிப்பது என் வேலை. மா.1 பரவாயில்லை. மா.2 கெட்டி. மா.3 வைத்த கையோடு விழுந்தது.

ஆராய்ச்சி செய்கிற பெண் ஷீஜா கத்தினாள்: "சேச்சீ, மூணாமத்தேது ஒட்டும் ஒட்டுந்நில்லல்லோ!" இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷம், இன்னும் சிரிப்பு வருகிறது. மலையாளத்தில் முதல் ஒட்டும் 'கொஞ்சம்கூட'. இரண்டாவதுதான் நம் ஒட்டு. கொஞ்சம்கூட ஒட்டவில்லையாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. இவருக்குக் கஞ்சித் தண்ணீர் இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவது ஸ்பூன் கன்னத்துப் புற்று ஓட்டை வழியே வழிந்துவிட்டது. பேச்சு நின்று ஒன்பது நாள். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "மழையா?" ஜன்னலோரம் படுத்துக்கொண்டு என்ன கேள்வி என்று எரிந்து விழுந்தேன். பேச ஆசைப்பட்டிருக்கிறார், வேறென்ன. பாவி நான்.

12, செவ்வாய்

வாங்க: பஞ்சு, சிலேட்டுக் குச்சி, அத்தைக்குத் தலைவலித் தைலம்.

அத்தை, அதாவது இவர் அம்மா, திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று வாரம். பகல் முழுக்க வார்டில் அவள்தான். மலையாளம் ஒரு சொல் தெரியாது, ஆனால் நர்ஸுகளோடு பேச்சு ஓயாது. புற்று அரித்த கன்னத்தை வெட்டிவிட்டு, இவர் நெஞ்சிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைப்பார்கள் என்று பல தடவை விளக்கியாயிற்று. இன்றும் அதே கேள்வி.

"ஏட்டி, அது ஒட்டுமா?"

"ஒட்டும் அத்தே."

"சும்மா சொல்லாத. ஆட்டுக் கன்னத்துல ஒட்டவச்சுப் பாக்குறவதான நீ. ஒனக்குத் தெரியுமுல்லா."

என் வேலையை அவள் மதித்துப் பேசியது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னெல்லாம் 'ஆட்டுத்தலை ஆபீஸ்'.

13, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயவில்லை.

ஷீஜாவிடம் கேட்டே விட்டேன். விழுங்க முடியாதவர்களுக்குத்தானே இந்த மாத்திரை, இவருக்கு ஒன்று தருவாளா. லேபில் இருப்பதில் மருந்தே கிடையாதாம், வெறும் பசையும் மாவும். அது எனக்கும் தெரியும். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: கதிர்வீச்சு கொடுத்த வாயில் எச்சில் ஊறாது, ஈரமில்லாத இடத்தில் இது பிடிக்காது. "சாரமில்ல சேச்சீ", பரவாயில்லையாம், என்று முதுகைத் தடவினாள். மாசக்கணக்காக ஈரத்தோலில் ஒட்டிப் பார்க்கிறேன். என் வீட்டு வாய் காய்ந்து கிடப்பது ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

14, வியாழன்

காலை ரவுண்ட்ஸ். டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கழுத்திலேக்கு எறங்கி. இனி ஆபரேஷன் ஒட்டும் பற்றில்ல, கேட்டோ. திங்களாழ்ச்ச வீட்டிலேக்கு கொண்டுபொய்க்கோளூ."

கழுத்துக்கு இறங்கிவிட்டது. ஆபரேஷன் கொஞ்சம்கூட முடியாது. திங்கட்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

திரும்பினால் அத்தை டாக்டரைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "ஒட்டும்னுட்டாருட்டி! எங் காதால கேட்டேன். ஆபரேஷன் ஒட்டும்னுட்டாரு!"

கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கினேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இவருக்கு என்னைவிட நல்ல மலையாளம். தம்பானூர் லாட்ஜில் இருபது வருஷம் மேனேஜர். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

15, வெள்ளி

லேபுக்குப் போனேன். எதற்குப் போனேனோ. மூன்று மாத்திரை கைதவறி உடைந்தது. தண்ணீரை நிறுத்த மறந்து தட்டு வழிந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு இவர் வேண்டும். கன்னம் இல்லாமல், பேச்சு இல்லாமல், எப்படியானாலும் வேண்டும்.

அத்தை தனியாக ஆட்டோ பிடித்துப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் இருபத்தொரு தேங்காய் உடைத்துவிட்டு வந்திருக்கிறாள். வலது கை வீங்கிவிட்டது. இலையில் கொண்டுவந்த சந்தனத்தை இவர் நெற்றியில் பூசினாள். இவர் கண்ணை மூடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் சிலேட்டு: "அம்மைட்ட நீதான் சொல்லணும்." அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: "மெதுவா சொல்லு."

16, சனி

மழை. அரை நாள் லீவு. இன்று சொல்லியே தீருவது என்று போனேன். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் தாங்கமாட்டாள்.

வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துக் கையைப் பிடித்தேன். "அத்தே, அந்த ஆபரேஷன்..."

"அதத்தான் நானும் சொல்லணும்னு இருந்தேன்" என்று குறுக்கே விழுந்தாள். இவர் காதில் விழக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ராத்திரி துடச்சி விடும்போது பாத்தேன். அவன் நெஞ்சுல தோலு எங்கட்டி இருக்கு, எலும்புல்லா கெடக்கு. டாக்டருட்ட நீ மலையாளத்துல எடுத்துச் சொல்லு. எந் தொடையில எடுத்துக்கிடட்டும். கெழட்டுத் தோலுன்னு பாக்காண்டாம். பெத்தவ தோலுல்லா, ஒட்டும்."

கேட்கிறேன் அத்தே என்றேன்.