தாலாய்க்குக் கேட்காத எச்சரிக்கை

பிஷ்கேக்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள குல்நுராவுக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ என் போனை எடுக்காததால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். புசானில் குளிர் எப்படி? கை வெடிப்புக்கு மருந்து போடுகிறாயா?

உன் தம்பி தாலாய் பிழைத்துவிட்டான். நரின் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பனியில் விறைத்துப்போன வலது பாதத்தை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அவனுக்கு இன்னும் தெரியாது.

மச்சான் கம்பெனிக் கருவி என்று நம்பித்தானே மலைக்குப் போனான் என்று அத்தையிடம் அழுதாயாம். நியாயம்தான். ஆனாலும் நடந்ததைக் கேள்.

மேய்ப்பர்கள் கழுத்தில் மாட்டும் எங்கள் கருவி, ஆள் இருக்கும் இடத்தை எங்களுக்குக் காட்டும். குளிர்கால வகை, நாங்கள் அனுப்பும் புயல் எச்சரிக்கையை வாங்கி அலறவும் செய்யும். இரண்டுக்குள்ளும் ஓடும் நிரல், அதாவது புரோகிராம், ஒன்றுதான். அதைக் கருவிக்காகத் தொகுக்கும்போது எச்சரிக்கைக் கொடி என்று நாங்கள் சொல்லும் ஒரு குறிச்சொல்லைச் சேர்த்தால் அந்தப் பகுதி உள்ளே போகும். சேர்க்காவிட்டால் போகாது, பேட்டரி கூடுதலாக வரும். கோடைக்கு அது போதும். தாலாயின் பழைய கருவி உடைந்தபோது கடைக்காரர் கோடை வகையைக் கொடுத்துவிட்டார். வெளியே பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

செவ்வாய் மதியம் எச்சரிக்கை அனுப்பினோம். திரையில் மற்ற மேய்ப்பர்களைக் காட்டும் புள்ளிகள் எல்லாம் பட்டிக்குத் திரும்பின. தாலாயின் புள்ளி கணவாயைப் பார்த்துப் போனது. திரும்பத் திரும்ப அனுப்பினேன். கூட வேலை செய்யும் ஐசாதா, "ஆஃப்ல இருக்கும், இங்கேருந்தே ஆன் பண்ணுங்களேன்" என்றாள். கருவியின் எண்ணைப் பார்த்தேன்; கோடை வகை.

"ஆஃப்ல இல்லம்மா. அதுக்குள்ள அது இல்லவே இல்ல."

புது நிரலை அனுப்பலாம் என்றால், இங்கிருந்து போவதை வாங்கும் பகுதியே அந்தக் கொடியைச் சேர்த்தால்தான் உள்ளே இருக்கும். அங்கே போனும் எட்டாது. மீட்புக் குழுவைக் கூப்பிட்டேன். காற்று அடங்காமல் கிளம்ப முடியாது என்றார்கள். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. அவன் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு புள்ளி நகரவில்லை.

மறுநாள் குதிரையில் போனவர்கள், ஆடுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். இடம் தெரிந்ததால்தான் காப்பாற்ற முடிந்தது என்று என் தோளைத் தட்டினார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

நேற்று போய்ப் பார்த்தேன். கருவியை என் கையில் கொடுத்து, "ஒரு சத்தமும் வரல மச்சான். உங்க ஆளுங்க தூங்கிட்டாங்களா?" என்று சிரித்தான். "வசந்தத்துல மேல ஏறுறதுக்குள்ள சரிபண்ணிக் கொடுத்துடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. அதற்கு முன் வீட்டு ஆள்தான் அவனிடம் சொல்ல வேண்டும். அத்தையால் முடியாது. என்னாலும் முடியவில்லை. நீ சொன்னால் தாங்கிக்கொள்வான்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு மதியம் அவனைப் பேச வைக்கிறேன். அவன் போன் பனியோடு போய்விட்டது, குல்நுரா. என் நம்பரிலிருந்துதான் வரும். எடு.

உன்,
மக்சத்