‘உன் இஷ்டம்’ என்று சொன்ன பிறகு

எதற்கெடுத்தாலும் என்னோடு வாதாடி ஜெயிக்கும் என் வக்கீலம்மாவுக்கு,

நானும் நம் மகள் வாலுவும் நலம். உன் கல்லூரி விடுதிச் சாப்பாட்டில் உப்பு சேர்ந்ததா என்று எழுது. அவளுக்கு நேற்று கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது. அம்மா வந்ததும் காட்ட வேண்டுமாம், மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். ஒன்பது வயதில் இரட்டைச் சடையைத் தானே பின்னிக்கொள்ளக் கற்றுவிட்டாள். நான் பின்னினால் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று காதுக்குக் கீழேயும் போகிறதாம்.

போனில் சொன்னால் உளறிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்து வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கே வருகிறார்கள், ஆனால் முதல் இரண்டு வருஷம் ஒரு பகல் ஒரு இரவு ரயிலில் போக வேண்டிய ஊரில் போடுவார்கள், பேர் கொடுக்கட்டுமா என்று. நான் “உன் இஷ்டம்” என்றேன். நீ “சரி” என்றாய். அப்புறம் இரண்டு பேரும் தண்ணீர் மோட்டார் ரிப்பேரைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். என்னோடு பதின்மூன்று வருஷம் வாழ்ந்தவள் நீ. நான் “உன் இஷ்டம்” என்றால் “என் இஷ்டம் இல்லை” என்று அர்த்தம். அது உனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் நீ வாதாடவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை. ரிப்பேர் முடிந்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டை கட்டி, இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையன் ஏறினான். லிஃப்டில் நானும் இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை. கண்ணாடியைப் பார்த்து “குட் மார்னிங் சார்” என்கிறான், சிரிக்கிறான், திருப்தி இல்லாமல் மறுபடியும் சொல்கிறான். நாலாவது தடவை நான் “குட் மார்னிங் தம்பி” என்றேன். பாவம், பையன் செத்துப் பிழைத்தான். அப்புறம் சிரித்தான். அந்தச் சிரிப்போடே உள்ளே போனான். நீயும் இப்படித்தான் விடுதிக் கண்ணாடி முன்னால் தனியாக நின்றுகொண்டிருப்பாயோ என்று அப்போதுதான் தோன்றியது.

ஏழாவது மாடியில் ஆள் எடுக்கும் எச்.ஆர். மேடத்தின் அறை. இரண்டு நாளாக மாடிப்படி ஏறி முட்டி வலி கண்டவர். லிஃப்ட் ஓடிய சந்தோஷத்தில் இருந்தார். துணிந்து கேட்டுவிட்டேன், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் மேடம் என்று.

“யாருக்குப்பா, பொண்ணுக்கா?”

“இல்லைங்க மேடம். பொண்ணோட அம்மாவுக்கு.”

உட்காரச் சொன்னார். கிரீஸ் கறையோடு அந்த நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை, நின்றபடியே உன் விவரம் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். பள்ளி முடித்ததற்கும் கல்லூரி சேர்ந்ததற்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம் என்ன செய்தாய் என்று கட்டாயம் கேட்பார்களாம். “வீட்டுல சும்மா இருந்தேன்னு மட்டும் சொல்லிடப் போறாங்க” என்றார். நீ அதைத்தான் சொல்வாய், எனக்குத் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன், படித்துக்கொள். நான் வேலை பார்க்கும்போது விழுந்து காலில் மாவுக்கட்டோடு நாலு மாதம் கிடந்தேனே, அப்போது புது மாதிரி லிஃப்டுக்கான பரீட்சை வந்தது. அந்தத் தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி, எனக்குப் புரியாத மின்சாரப் படங்களையெல்லாம் நீதான் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினாய். பாஸானது நான், படித்தது நீ. இவளைப் படிக்க வைக்காமல் விட்டால் பாவம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். இதைச் சொல்லு. வெட்கப்படாதே.

அடுத்து மேடம் கேட்டதுதான் எனக்கான கேள்வி. “தூரமா போட்டா குடும்பத்தை என்ன பண்ணுவீங்கன்னு பொம்பளைங்ககிட்ட கேக்காம விட மாட்டாங்க. அங்கதான் பாதிப் பேரு தடுமாறிடுவாங்க. நீங்க என்ன சொல்லியிருக்கீங்க வீட்டுல?”

கையைத் துடைத்துக்கொண்டு, வேலை இருக்கிறது மேடம் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வாலுவும் நானும் ஒத்திகை பார்த்தோம். அவள் அதிகாரி, நான் நீ. என் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, “உங்க பொண்ணை விட்டுட்டு எப்படிம்மா இருப்பீங்க?” என்று கேட்டாள். நான் “கஷ்டமாத்தான் இருக்கும்” என்றேன். “அப்படிச் சொன்னா வேலை குடுக்க மாட்டாங்கப்பா” என்றாள். கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க” என்றாள்.

ஆகவே பேர் கொடு. போய் உட்கார். யார் என்ன கேட்டாலும் வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்று தயங்காமல் சொல். அலமாரியில் இருந்த உன் நீலச் சால்வையை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தேன், பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று. போன வாரமும் உதறினேன்.

தைரியமாகப் போய் வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

•

என் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய உங்களுக்கு,

கடிதம் இன்டர்வியூவுக்கு முந்தின நாள்தான் கையில் கிடைத்தது, பேரை அதற்கு முன்பே கொடுத்துவிட்டிருந்தேன். வேலை கிடைத்துவிட்டது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசி வரிக்குத் தாவிவிடுவீர்கள். முப்பத்தொரு பேரில் நாலு பேரை எடுத்தார்கள், நான் மூன்றாவது. என்னை ‘அக்கா’ என்று கூப்பிடும் விடுதிப் பிள்ளைகள் தகவல் பலகைக்கு முன்னால் என்னைத் தூக்கிவிட்டார்கள். முப்பத்து மூன்று வயதில் நாலு பேர் தூக்கும்படி ஆகிவிட்டேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். பன்னிரண்டு வருஷக் கேள்வி வந்தது. சாக்பீஸ் கதையைச் சொன்னேன். ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். குளோரின் அளவைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு தப்பு விட்டு நானே திருத்திக்கொண்டேன். பிறகு அந்தக் கேள்வி. தயங்காமல், “வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள்” என்றேன். வயதில் மூத்தவர் என்னையே பார்த்தார். “அது சரிம்மா. நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

அதற்கு ஒத்திகை பார்க்கவில்லையே நாம். “போக ஆசைதான் சார். திரும்பி வரவும் ஆசைதான்” என்று சொல்லிவிட்டேன். எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எங்கேயாவது ஒரு வரி ‘போகாதே’ என்று இருக்குமா என்று திருப்பித் திருப்பிப் படித்தேன். இருந்திருந்தால் பேர் கொடுத்ததை அடித்துவிட்டு வந்திருப்பேன், ஆயுசு முழுக்க உங்களிடம் அதைச் சொல்லிக் காட்டியும் இருப்பேன். இல்லாதது நல்லதுதான். ஆனாலும் இல்லையே என்று இருந்தது. நான் எப்போதும் இப்படித்தான், இரண்டு பக்கமும் வாதாடுவேன்.

மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்றும் ஆகாது என்று அவள் சொன்னதை நம்பிவிடாதீர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

கடைசிப் பரீட்சைக்கும் அந்த ஊர் வேலையில் சேருவதற்கும் நடுவில் ஒன்பது நாள் இருக்கிறது. ஒன்பதும் வீட்டில்தான். பயணத்துக்குப் பெட்டி வாங்க வேண்டும், துணி தைக்க வேண்டும் என்று தயவுசெய்து என்னைக் கடைகடையாக அலைய விடாதீர்கள். அக்கம்பக்கத்தில் சொல்லி வாழ்த்த வரச் சொல்லாதீர்கள். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் நிற்கட்டும், நாலு நாளாவது லீவு போடுங்கள். என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், ஒன்றும் பேசவும் வேண்டாம். நான் சமையலறையில் நிற்கும்போது, நீங்கள் அடுத்த அறையில் இருமுகிற சத்தம் கேட்டால் போதும்.

உங்கள் வரவை எதிர்பார்த்து ரயில் நிலையத்தில் இறங்கப்போகும்,
உங்கள் மனைவி