குறுக்கு வால்வு

இன்று காலை மேஜையைத் துடைக்கும்போது நீ கொடுத்த வால்வை எடுத்து மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. விமானத்திலிருந்து கழித்துப்போட்டது. ராயபுரத்தில் படகுக்குப் பம்பு விற்கிறவனுக்கு இது எதற்கு என்றேன். "பேப்பர் பறக்காம இருக்கும், வெச்சுக்க மாமு" என்றாய்.

விமான நிலையத்தில் மெக்கானிக் வேலையை விட்டு, திருவொற்றியூரில் நீயும் பம்புக் கடை போட்ட புதிது. இரண்டு கைகளையும் இறக்கைபோல விரித்துக் காட்டினாய். இடது டேங்க் இடது இன்ஜினுக்கு, வலது டேங்க் வலதுக்கு. நடுக்குழாயில் இந்த வால்வு. சாதாரணமாக மூடியே இருக்கும். ஒரு இன்ஜின் நின்றாலோ, ஒரு பக்கம் கனம் கூடினாலோ திறப்பார்கள். அப்போது இந்தப் பக்கத்து எண்ணெயை அந்தப் பக்கத்து இன்ஜினும் குடிக்கும்.

"ஆனா ஒரு பக்கம் மட்டும் மளமளன்னு கொறைஞ்சா கைய வெக்காத. இன்ஜின் குடிக்குதா, எங்கனா ஒழுவுதான்னு மொதல்ல பாரு. ஒழுவும்போது தெறந்தா நல்ல டேங்கும் காலி."

"நம்ம ரெண்டு கடையும் இந்த ரெண்டு டேங்கு மாதிரித்தான்" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும்போதுதான் நமக்கு வியாபாரம். அந்த வருடம் உன் ரேக் காலி என்றாய், என் கடையிலிருந்து பம்பு அனுப்பினேன். மறுபடியும் காலி என்றாய், மறுபடியும் அனுப்பினேன். கேட்டது நீயாயிற்றே.

என் முதல் வாடிக்கையாளரான படகுக்காரர்தான் வந்து சொன்னார். "இன்னா நைனா, உன் சரக்கு எண்ணூர்ல உன் தோஸ்தோட மச்சான் கடைல சல்லிசா போய்கினு கீது. நீ இங்க காலி ரேக்கப் பாத்துகினு கீற!" அவரும் அங்கேதான் வாங்கியிருந்தார். அப்புறம் என் கடைப் படி ஏறவே இல்லை.

உன்னிடம் கேட்டேன். தெருவைப் பார்த்துக்கொண்டு, "அவன் வூட்ல பேஜாரு மாமு" என்றாய். அவ்வளவுதான். அதன்பிறகு நாம் பேசவில்லை. நீ செத்துப்போன அன்றுகூட உன் தெருமுனை வரைக்கும்தான் வந்தேன்.

இப்போது உன் கடையை உன் மனைவி நடத்துகிறாள். போன தடைக்காலத்தில் போன் செய்தாள். "அண்ணே, ரேக்ல ஒண்ணுமே இல்ல. பம்பு அனுப்புவீங்களா?"

"சரக்கு உங்க தம்பி கடைக்குப் போவுமாம்மா?"

"அவன் மூஞ்சில முழிச்சே வருசமாவுதுண்ணே."

அனுப்பினேன். ஒவ்வொரு பம்பின் அடியிலும் பச்சைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துத்தான் அனுப்பினேன். எண்ணூர் பக்கம் போனால் உன் மச்சான் கடையில் நின்று, விலை கேட்கிற மாதிரி பம்பைத் திருப்பிப் பார்க்கிறேன். இதுவரை பச்சை இல்லை. அவள் நாணயமானவள், எனக்கே தெரியும். அப்படியும் திருப்பிப் பார்க்கிறேன்.

நீ கேட்டு அனுப்பிய நாளில் இந்தக் கை இப்படி இருந்ததில்லை, மாமு.