இடது கையில் இருப்பவன்

மார்ச் 4, செவ்வாய்

மதிப்பிற்குரிய தையல்காரருக்கு,

இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே தூது போவது என் தொழில். இடது கையில் பேனாவைப் பிடித்துக் கண்ணை மூடினால், வந்தவர் என் கையைப் பிடித்து எழுதுவார். பெரும்பாலும் நாலு வரிதான். சொல்ல வந்தது உரியவரிடம் சேர்ந்த அன்றே போய்விடுவார்கள், திரும்புவதில்லை. பதினோரு வருடமாக நான் கண்டது இதுதான்.

நேற்று நீங்கள் எழுதியது ஒன்பது பக்கம். என் சட்டையின் தோள் அரை அங்குலம் இறங்கியிருப்பது பற்றியே இரண்டு பக்கம். உங்கள் அக்கா கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

மறுபடி கேட்கிறேன். அவர் பார்த்த பெண்ணை நீங்கள் வேண்டாம் என்றதும், இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டார். மூன்றாம் வாரம் நீங்கள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டீர்கள். "என்னாலதான் போனானா?" என்று கேட்கிறார். ஒவ்வொரு புதனும் வந்து எதிர் நாற்காலியில் உட்காருகிறார், எனக்கே பார்க்கப் பாவமாக இருக்கிறது. சீக்கிரம் எழுதவும்.

இப்படிக்கு,
எழுத்துக்காரி

மார்ச் 6, வியாழன்

எழுத்துக்கார மேடத்துக்கு,

பதில் சுலபம். நெஞ்சுவலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்காமல் டிராயரில் போட்டுப் பூட்டியவன் நான். அக்கா மேல் துளியும் பழி இல்லை. அவள் திட்டாத நாள் எது?

ஒன்பது பக்கத்துக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். நாலு வரியில் முடித்தால் உங்கள் கையை நாலு வரி நேரம்தான் பிடித்திருக்கலாம். உயிரோடு இருந்தபோது இந்தப் புத்தி வரவில்லை. எத்தனையோ பேருக்கு அளவெடுத்தவன், ஒரு மணிக்கட்டுக்கு இப்படி மயங்குவேன் என்று யார் கண்டார்கள்?

பதிலை அக்காவிடம் எப்போது சேர்ப்பது என்பது உங்கள் இஷ்டம். அதற்குள் அந்தத் தோளைச் சரியாக அளந்துவிட அனுமதி உண்டா?

இப்படிக்கு,
தையல்காரன்

மார்ச் 27, வியாழன்

அடேய் திருட்டுத் தையல்காரா,

தோள் அளவு என்றுதானே ஆரம்பித்தாய்? இன்று பின்கழுத்தை மட்டும் மூன்று தடவை அளந்தாய். டேப் கிடையாது, விரல்தான். முதலில் சில்லென்று இருந்தது, பிறகு இல்லை. முதுகில் ஒவ்வொரு கணுவாக நீ இறங்கியபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து பொத்தான் கழற்ற ஒரு தையல்காரனுக்கு முக்கால் மணி நேரமா? அவசரமே படாதவனிடம் மாட்டிக்கொண்டேன். உன் வாய் என் காதோரம் வந்தபோது நான் போட்ட சத்தம் எனக்கே புதிது.

கீழே சலவைக்கடைக்காரர், பட்டப்பகலில் ஜன்னல் கண்ணாடி வேர்த்திருக்கிறதே, வெந்நீர் காய்கிறதா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

ஆனால் நேற்றும் அக்காவிடம் பொய் சொன்னேன். லைன் சரியாகக் கிடைக்கவில்லையாம். இது மூன்றாவது புதன். பதில் என் நோட்டிலேயே இருக்கிறது. கொடுத்தால் நீ போய்விடுவாய். நான் கெட்டவள் ஆகிக்கொண்டிருக்கிறேன், சந்தோஷமாக.

உன்,
எழுத்துக்காரி

மார்ச் 28, வெள்ளி

என் எழுத்துக்காரிக்கு,

புதன்கிழமை அக்கா வந்தபோது நானும் அறையில்தான் இருந்தேன். அவள் சட்டை இரண்டு அங்குலம் தொளதொளத்துவிட்டது. நான் தைத்த சட்டை, எனக்குத் தெரியாதா? அவள் சாப்பிடுவதே இல்லை.

உன்னை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனசில்லை. ஆனால் அவள் இப்படி இளைப்பதைப் பார்த்துக்கொண்டே உன்னைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வரும் புதன் கொடுத்துவிடு.

இன்றைக்கும் சேர்த்து ஐந்து பிற்பகல் இருக்கிறது. அதுவரை பேனாவைத் தொடாதே. உன் இரண்டு கையும் எனக்கு வேண்டும்.

உன்,
தையல்காரன்

ஏப்ரல் 3, வியாழன்

என் ராஜாவுக்கு,

கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் மறைத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அது அக்கா காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. படித்தார், மறுபடி படித்தார், மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார். பிறகு நிமிர்ந்து, "பூட்டி வெச்சானா, எருமை மாடு" என்று சிரித்தார். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, டீயோடு ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் காலி செய்துவிட்டுப் போனார்.

நேற்றிலிருந்து நாலு தடவை இடது கையில் பேனா பிடித்துப் பார்த்துவிட்டேன். கை சும்மாவே கிடக்கிறது. கண்ணாடியும் வேர்க்கவில்லை.

உயிரோடு இருக்கிற யாரிடமும் சொல்லாததை, போனவனிடம் சொல்கிறேன் பார், என் தலையெழுத்து. நான் உன்னைக் காதலிக்கிறேன். எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன்,
எழுத்துக்காரி

ஏப்ரல் 4, வெள்ளி

அடி அசடே,

ஒரு நாள் வெளியே போய் வரக் கூடாதா? அக்கா பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள், நிம்மதியாகத் தூங்கினாள். அதைப் பார்த்துவிட்டு வந்தால், நீ மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. நேற்று முழுக்க யோசித்ததில் விஷயம் புரிந்தது. நீ கண்டது சரிதான், சொல்ல வந்ததைச் சொன்னவர் போய்விடுவார். ஆனால் அக்காவுக்குக் கொடுத்தது அவள் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். நானாகச் சொல்ல நினைத்தது இந்த அறைக்குள் வந்த பிறகுதான் எனக்குள் பிறந்தது. அது உனக்கு.

நீ நேற்று எழுதினாயே ஒரு வாக்கியம், அதற்குப் பதில் வாக்கியம் என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் எழுதவே மாட்டேன். கேட்டு நச்சரிக்காதே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ நரைத்துப் பல் போய், என்னை அதட்டுகிற கிழவியாகும் வரைக்கும், அதைச் சொல்லாமலே உன் பக்கத்தில் இருக்கப்போகிறேன்.

உன்,
போகாதவன்