அணித்தலைவியின் ஹெட்செற்

நவம்பர் 3, திங்கள்

கணினி விளையாட்டின் பயிற்சி ஆட்டத்தில் தோல்வி. எதிரி கட்டடத்தின் பின்னால் நிற்கிறான் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டது, தன் முகட்டை, அதாவது எங்கள் தரையை, கீழிருந்து தட்டினார். என் அணியில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஹெட்செற்றின் மைக் செத்துவிட்டது.

கணவரின் தம்பி டனிஸ்ரன் மிகுந்த பணிவோடு சொன்னான்: "அண்ணி, குறை நினையாதேங்கோ. இருபத்திரண்டாம் திகதி டொரன்டோவோட போட்டி. அதுக்குள்ள உங்கட குரல் கேக்காட்டி நான் கப்டனா நிக்கிறன்."

தியாகம் செய்ய இவ்வளவு அவசரப்படும் ஒருவரை நான் கண்டதில்லை.

நவம்பர் 6

என் கணவர் சவிரிமுத்து புது ஹெட்செற் வாங்கி வந்தார். ஏன் இது? டொரன்டோ அணியின் தலைவர் குணரத்தினம் அண்ணை வைத்திருப்பது இதுதானாம். எங்கள் ஆட்கள் கார், கட்டில், மருமகன் எல்லாவற்றையும் இந்த முறையில்தான் தெரிவு செய்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

மற்றவர்கள் கதைப்பது எனக்குக் கேட்கிறது. நான் கதைப்பது அவர்களுக்குப் போகவில்லை. என் கணினியின் பின்னால் இரண்டு துளைகள்: கேட்பதற்குப் பச்சை, மைக்குக்கு ரோசா. புது ஹெட்செற்றுக்கோ ஒரே முனை, இரண்டும் அதற்குள்ளேயே. பச்சையில் செருகினால் நான் ஊமை. ரோசாவில் செருகினால் ஊமையும் செவிடும். குணரத்தினம் அண்ணையின் கணினிக்கு ஒரே துளைதான். அதைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

திருப்பிக் கொடுப்போம் என்றேன். கணவரின் அம்மா, மாமி அல்போன்சம்மா, திடுக்கிட்டார். காலைப் பூசை முடிந்ததும், புதுக் காரைக் கொண்டுபோவது போல, பெட்டியோடு ஃபாதரிடம் கொண்டுபோய் ஆசீர்வாதம் பெற்று மந்திரிப்பித்திருக்கிறார்.

"மந்திரிச்ச சாமானைக் கடைக்குக் குடுக்கிறதோ, பிள்ளை? பேந்து ஆர் ஆரோ காதில மாட்டுவினம்."

ஐயோ. இனி இது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை. இறையியல்.

நவம்பர் 12

முனையை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் ஒன்று வாங்கிப் போட்டேன். என் குரல் அவர்களிடம் போனது. கூடவே ஓர் இரைச்சலும் போனது.

"அண்ணி, மழைக்குள்ள நிண்டு கதைக்கிறியளோ?" டனிஸ்ரனின் குரலில் கவலையே இல்லை.

ஆக, கோளாறு துளையில் மட்டும் இல்லை. கணினிக்குள் இருக்கும் ஒலி அட்டையே கிழடு. அதை நம்பாத ஹெட்செற்தான் வேண்டும்: யுஎஸ்பியில் செருகுவது, ஒலி அட்டையைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது. இது புரிய இத்தனை நாளா எனக்கு?

நவம்பர் 13

ஃபாதருக்குத் தொலைபேசி எடுத்தேன். சிரித்தார். "நான் ஆசீர்வதிச்சது பாவிக்கிற ஆளை, அம்மா. சாமானைத் தாராளமாக் குடுங்கோ."

மாமி இதைத் திருச்சபையின் வீழ்ச்சி என்று கருதுகிறார்.

நவம்பர் 15, சனி

சவிரிமுத்து வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லவால் நகரில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர், காதுக்கு வெளியே ஏழு நிறத்தில் விளக்கெரியும் ஒன்றைக் காட்டினார். போட்டிருப்பவர் அந்த விளக்கைப் பார்க்க முடியாது. விலையைப் பார்க்கலாம்.

விளக்கில்லாத யுஎஸ்பி ஒன்றை எடுத்தேன். வீட்டில் செருகினேன். மீண்டும் ஊமை! பிறகு பார்த்தால், கணினி இன்னும் பழைய துளையிலேயே காது வைத்துக்கொண்டிருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், கேட்பதற்கும் கதைப்பதற்கும் புதியதைத் தெரிவு செய்தேன். என் குரலைப் பதிந்து கேட்டேன். இரைச்சல் இல்லை. இவ்வளவு அதிகாரமான குரல் என்னுடையது என்று எனக்கே தெரியாது.

டனிஸ்ரனுக்கும் கேட்டது. "ஓம், கேக்குது," என்றான்.

நவம்பர் 22, சனி

வென்றோம்! வென்றோம்!

கடைசியில் நானும் டனிஸ்ரனும்தான் மிச்சம், எதிரில் குணரத்தினம் அண்ணை. இடது காதில் காலடிச் சத்தம். "இடப்பக்கம், படிக்குக் கீழ, இப்ப!" என்றேன். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணி சொன்னதைக் கேட்டான். சுட்டான்.

"சிசிலி, நான் வந்தது உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?" குணரத்தினம் அண்ணைக்கு மூச்சு வாங்கியது.

"காதால, அண்ணை."

பக்கத்து அறையில் மாமி கைதட்டினார். என்ன விளையாட்டு என்று அவருக்குத் தெரியாது. டொரன்டோ தோற்றது போதும்.

நவம்பர் 24

அணிக்குப் புதிதாக ஒருவரைச் சேர்க்கலாமா என்று அனுமதி கேட்டு டனிஸ்ரன் எழுதியிருந்தான். யோசித்துச் சொல்வதாகப் பதில் போட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் வியாழக்கிழமைதான் சொல்வேன்.