நான் ஓட்டாத ஓட்டம்

மார்ச் 4, செவ்வாய்

செர்ராமத்ஸோனி மலைச்சாலையில் மறுபடி ஏறி இறங்கினேன். கம்பெனியின் புது ஸ்போர்ட்ஸ் கார் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. எஞ்சின் முன்னால் இருக்கிற வண்டிக்கு மூக்கு நீளம். நாம் உட்கார்ந்திருப்பதோ ஏறக்குறைய பின்சக்கரத்தின் மேல். வளைவில் மூக்கு எங்கே போகிறதென்று தெரியாது, நம்பித்தான் திருப்ப வேண்டும். இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இருபதாம் தேதி இத்தாலியின் தெற்கே புலியாவில், வட்டப் பாதையில் முழு வேக ஓட்டம். அதை ஓட்டுகிறவர் சரி என்று சொன்னால்தான் வண்டி விற்பனைக்குப் போகும். நான்தான் ஓட்டப்போகிறேன் என்று எங்கள் பிரிவுத் தலைவர் சனாஸி சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இன்னொரு சோதனை ஓட்டுநர் தியேகோ இருக்கிறானே, அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

மார்ச் 6

டெஸ்ட் குச்சியில் இரண்டு கோடு. சந்தேகமே இல்லை.

மார்ச் 7

என் கணவன் மிர்கோவிடம் சொன்னேன். அழுதான், சிரித்தான், என்னைத் தூக்கிச் சுற்றினான். அப்புறம்தான் கேட்டான்: "நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடுவ இல்ல?"

சொன்னால் அன்றைக்கே ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள். சட்டம் அப்படி.

"இருபதாம் தேதி முடியட்டும்."

"முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போற வண்டி நொயெமி! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"ஒரே ஒரு ஓட்டம்."

வேலைக்கு, டைல்ஸ் ஃபாக்டரிக்குக் கிளம்பிவிட்டான். கதவை அவன் சாத்திய சத்தம் மாடிவரை கேட்டிருக்கும். நான் கெட்ட அம்மாவா? இன்னும் அம்மாவே ஆகலையே — அதுக்குள்ள ஏன் இந்தக் கேள்வி?

மார்ச் 11

மாட்டிக்கொண்டேன்.

என் வண்டியின் மெக்கானிக் எர்மெஸ். பத்து மணிக்கு வழக்கம்போல் பொரித்த ரொட்டியும் புரொஷூட்டோவும் கொண்டுவந்து, ஒரு துண்டை என் வாய்க்கு நேராக நீட்டினான். வேண்டாம் என்றேன். மொதெனாவில் பிறந்தவள், உப்பிட்ட பன்றித்தொடையை வேண்டாம் என்கிறேன்! கர்ப்பமானவர்களுக்கு வேகாத இறைச்சி கூடாது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

என்னையே பார்த்தான்.

"வயிறு சரியில்லை," என்றேன்.

"ஆமாமா, தெரியுது," என்றான். அப்புறம் நாள் முழுக்க ஒரு கிண்டலும் இல்லை. அவன் கிண்டல் பண்ணாததுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14

வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். 'காலடியில் எஞ்சின் சூடு தாங்கவில்லை' என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். அதுவும் உண்மைதான்.

மார்ச் 20, புலியா

இதை எழுதுவதே கோபத்தில்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், வண்டிக்கு அடியில் எண்ணெய் குளமாகத் தேங்கியிருந்தது. இன்றைக்கு ஓட்டம் இல்லை, நாளைக்குத்தான். எர்மெஸ் எல்லார் முன்னாலும் சொன்னான்: "நான்தான் சார். ஆயில் மூடியை முறுக்க மறந்துட்டேன்."

சனாஸி சார் கத்தின கத்தல்! இனிமேல் சோதனை வண்டி எதையும் தொடக்கூடாது, ராத்திரியே ஊருக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டார். எர்மெஸாவது, மறப்பதாவது? வீட்டுக் குழாயைக்கூட இரண்டு தடவை முறுக்கிப் பார்க்கிற ஆள்.

கொட்டகைக்குப் பின்னால் அவனைப் பிடித்துக்கொண்டேன். "நீ மறக்கலை."

"இல்லை."

"என் வயிறு, என் வண்டி! நடுவுல நீ யாருடா?"

"வாயைத் திறந்தா உன்னைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். சும்மா இருந்தா உன்னை அதுல ஏத்தி அனுப்பினவன் ஆவேன். ரெண்டும் என்னால முடியலைம்மா. இதுதான் என்னால முடிஞ்சுது."

"நாளைக்கு ஓட்டத்தானே போறேன்?"

"ஓட்டு. நாளைக்கு வேற எவனாவது சக்கரம் மாட்டட்டும், என் கை படாது."

போய்விட்டான். நான் பேசாமல் இருந்தால் போதும், நாளைக்கு வண்டி எனக்குத்தான். பேசாமல் இருக்கணும், அவ்வளவுதான். பாவி, எவ்வளவு சுலபமா பண்ணி வெச்சிருக்கான்!

மார்ச் 21

பேசிவிட்டேன். "சார், எர்மெஸ் மறக்கலை. எனக்காகப் பண்ணினான். நான் கர்ப்பமா இருக்கேன்."

சனாஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாழ்த்துகள்," என்றார். அறை வாங்கின மாதிரி இருந்தது. எர்மெஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டைத் தியேகோ வாங்கிக்கொண்டான்.

சுவரோரம் நின்று பார்த்தேன். ஓட்டம் பிரமாதம். ஒரு குறை இல்லை, ஒரு அதிர்வு இல்லை. நான் ஓட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றுமே ஆகியிருக்காது. கழிவறைக்குள் போய் அழுதேன்.

நவம்பர் 2

பெண். இர்மா. மிர்கோ வாயில் ஈ போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ஜூன் 8, திங்கள்

இன்று வேலைக்குத் திரும்பினேன். ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள், பூந்தொட்டியோடு.

"அம்மா ஆயிட்ட. இனிமே நிம்மதியா இங்க உட்காரு," என்றார் சனாஸி.

"நிம்மதியெல்லாம் வீட்டுல இருக்கு சார். சாவியைக் குடுங்க."

எர்மெஸ் பக்கத்து அறையிலிருந்து சிரித்தது கேட்டது. சனாஸி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

மலைச்சாலையில் வெயில், தரை காய்ந்திருந்தது, எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. பெரிய வளைவு வருவதற்கு நெடுந்தூரம் முன்னாலேயே என் கால் பிரேக்கில் இருந்தது. நான் வைக்கவில்லை, அதுவாகப் போனது. கீழே இறங்கி, திரும்பி ஏறினேன். மறுபடியும் அதே இடத்தில்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் சனாஸி.

"வண்டி நல்லா இருக்கு," என்றேன். என்னைப் பற்றி அவர் கேட்கவில்லை.